எல்லாம் நாடகமா? விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்

கேள்வி இது: "பெங்களூரில் மூன்று வருஷமாக ஐ.டி. வேலை. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் எங்கள் டீம் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். 'சீனாவைப் புறக்கணி, சுதேசி ஆப், அமெரிக்காவுக்குப் பதிலடி, எல்லாம் ஷோ மச்சி. கம்பெனிக்காரனும் கவர்மென்ட்டும் சேர்ந்து போடுற கூத்து.' இது எவ்வளவு தூரம் சரி? எனக்கு ஆன்சைட் வாய்ப்பு, அதாவது அமெரிக்காவுக்கு வேலையாக அனுப்புவது, பற்றியும் பேசுகிறார்கள். ஒரு லட்சம் டாலர் விசா கட்டணம் வந்த பிறகு அதை நம்பலாமா?"

பாதி சரி, தம்பி. உங்கள் நண்பர்கள் நோக்கத்தைச் சந்தேகிக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் "எல்லாம் கூத்து" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது பாருங்கள், அந்தச் சோம்பல்தான் எனக்கு ஆகாது. இந்த ஊரில் இதே தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் நான் பழகிக்கொண்ட வழி ஒன்றுதான். அறிவிப்பைப் படிப்பதில்லை, விலக்குகளைப் படிப்பேன். யாருக்கு விதிவிலக்கு, எதற்குக் கெடு தள்ளிப்போனது, எந்தப் பிரிவு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. எந்த அரசாக இருந்தாலும் அதன் உண்மையான வெளியுறவுக் கொள்கை அங்கேதான் எழுதியிருக்கும்.

ஓசூர் ரோட்டில் போய்வருகிறவராக இருந்தால் மெட்ரோவின் மஞ்சள் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள். ரயில் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் 2019 கடைசியில் சீன அரசு நிறுவனமான சி.ஆர்.ஆர்.சி.க்குக் கிடைத்தது. மற்ற தடங்களுக்கும் சேர்த்து 216 பெட்டிகள், சுமார் 1,578 கோடி ரூபாய். பெரும்பகுதியை இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு முதலீட்டு விதியை மாற்றியது: நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் எந்த முதலீட்டுக்கும் முன் அனுமதி வேண்டும். ஜூனில் கல்வான் மோதல். சீனக் கம்பெனி ஆந்திராவில் ஆலை போடுவதாக இருந்த திட்டம் அப்படியே படுத்துவிட்டது. கடைசியில் கொல்கத்தா பக்கத்து டிட்டாகர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் வண்டி நகர்ந்தது. முதல் ரயில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, டிரெய்லர் லாரிகளில் ஹெப்பகோடி பணிமனைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். அதைப் பொருத்திச் சோதிக்க வேண்டிய சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பதில் வேறு இழுபறி.

அந்த நாட்களில் எலக்ட்ரானிக்ஸ் சிட்டி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். தூண் நிற்கிறது, தண்டவாளம் போட்டாயிற்று, எஸ்கலேட்டர் பிளாஸ்டிக் உறைக்குள் தூங்குகிறது, ரயில்தான் இல்லை. கோனப்பன அக்ரஹார நிலையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 200 கோடி கொடுத்து, பெயரும் நிலையத்தோடு ஒட்டியாயிற்று. கீழே சில்க் போர்டு சிக்னலில் மக்கள் வழக்கம்போல் வெந்துகொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் வந்து கொடியசைத்தபோது ஓட்டுவதற்கு இருந்தவை மூன்றே ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒன்று.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களுக்குத் தடை வந்தது. ஒரே இரவில். அரசுக்கு அதில் ஒரு பைசா செலவில்லை, கைதட்டல் ஏராளம். அதே சீனாவோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை 2024-25ல் 99 பில்லியன் டாலரைத் தாண்டியது. மின்னணு உதிரிப் பாகம், பேட்டரி, மருந்துக்கான மூலப்பொருள், இயந்திரம் எல்லாம் வந்துகொண்டேதான் இருந்தன. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் இருந்த ஆலைகள் ஆள் இல்லாமல் தவிக்கிறோம் என்று டெல்லியில் போய் நெருக்கிய பிறகு, 2024ல் சீன நிபுணர்களுக்கான விசா கொஞ்சம் இளகியது. அதாவது சீன எதிர்ப்பு உண்மைதான், ஆனால் ஓட்டையோடு கூடிய உண்மை. ஓட்டை எங்கே விழுந்தது என்றால், கதவைத் தட்டத் தெரிந்தவர் இருந்த பக்கம். டிக்டாக்கில் வீடியோ போட்டுப் பிழைத்த பையனுக்கும் ஓசூர் ரோட்டுப் பயணிக்கும் டெல்லியில் ஆள் கிடையாது.

அமெரிக்கா இதில் நம்மைவிடக் கைதேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 6 ஒரு சுவாரசியமான நாள். ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இந்தியப் பொருள்கள் மேல் கூடுதலாக 25 சதவிகித வரி போடும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டது அன்றுதான். ஏற்கெனவே அறிவித்திருந்த 25 சதவிகிதத்தோடு சேர்த்து 50. அதே நாள் ஆப்பிள் தலைவர் டிம் குக் வெள்ளை மாளிகைக்கு வந்து, அமெரிக்காவில் இன்னும் 100 பில்லியன் டாலர் முதலீடு என்று அறிவித்து, தங்கப் பீடத்தில் பொருத்திய கண்ணாடி நினைவுப் பரிசு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்மார்ட்போன்களுக்கு அந்த ஏப்ரலிலேயே விலக்கு கொடுத்தாயிற்று, அது தொடர்ந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஐபோன் அந்த வரியில்லாமல் போனது, திருப்பூரில் தைத்த பனியன் 50 சதவிகித வரியோடு போனது. இரண்டும் ஒரே தமிழ்நாட்டிலிருந்து, ஒரே நாட்டுக்கு. ரஷ்ய எண்ணெய்தான் குற்றம் என்றால் அதை நம்மைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை வரவில்லை. திருப்பூர்க்காரரிடம் தங்கப் பீடம் செய்யப் பணம் இருந்தாலும் அந்த அறைக்குள் யார் விடுவார்கள்?

டெல்லி வளைந்து கொடுத்த கதைகளும் உண்டு. கூகுள், ஃபேஸ்புக் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளம்பர வருமானத்தின் மேல் 2016ல் 6 சதவிகிதச் சமன்பாட்டு வரி போட்டார்கள். 2020ல் ஆன்லைன் விற்பனைக்கும் 2 சதவிகிதம். டிஜிட்டல் இறையாண்மை என்று மேடையில் பேசிய காலம் அது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் முறைத்துக்கொண்டே இருந்தது. 2 சதவிகிதம் 2024 ஆகஸ்டில் போனது, 6 சதவிகிதம் 2025 ஏப்ரல் 1ல் போனது. டிரம்பின் வரிப் பட்டியல் வெளிவந்தது மறுநாள், ஏப்ரல் 2. விட்டுக்கொடுத்தும் வரி வந்தது என்பது தனி வேடிக்கை. லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று திடீரென அறிவித்து, மறுநாளே தள்ளிவைத்து, அக்டோபரில் வெறும் பதிவு நடைமுறையாக இளைக்க வைத்ததும் இதே ரகம்.

சரி, கம்பெனிகள் பக்கம் வருவோம். உங்கள் நண்பர்கள் "கம்பெனியும் கவர்மென்ட்டும் கூட்டு" என்கிறார்களே, எந்த கவர்மென்ட்டோடு என்று கேளுங்கள். 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் இந்திய அரசு ஐ.நா. வாக்கெடுப்புகளில் ஒதுங்கி நின்றது, ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்கியது. போருக்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் ஓரிரு சதவிகிதமாக இருந்த ரஷ்யாவின் பங்கு பிறகு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் தன் ரஷ்ய அலுவலக வேலைகளை வெளியே மாற்றுவதாகச் சொல்லிவிட்டது. அங்கே இருந்தது நூறு பேருக்கும் குறைவு. டெல்லி யாரையும் வெளியேறச் சொல்லவில்லை. லண்டன் பத்திரிகைகள்தான் அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் ரிஷி சுனக்கை, அவர் மனைவியின் இன்ஃபோசிஸ் பங்குகளை வைத்துத் துளைத்துக்கொண்டிருந்தன. வருமானத்தில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவிலிருந்தும், மீதியில் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்தும் வருகிற கம்பெனி வேறென்ன செய்யும்? அதைக் குறை சொல்லவில்லை. எலக்ட்ரானிக்ஸ் சிட்டியின் வெளியுறவு அமைச்சகம் டெல்லியில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது நயாரா என்ற எண்ணெய் நிறுவனம். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. குஜராத் வாடினாரில் வருஷத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, நாடு முழுக்க 6,000க்கு மேல் பெட்ரோல் பங்க். ரஷ்ய எண்ணெய்க் கம்பெனி ராஸ்நெஃப்டுக்கு அதில் 49.13 சதவிகிதப் பங்கு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாராவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தடை இந்தியாவில் செல்லாது. நயாராவுக்கு மெயில் சேவை கொடுத்த மைக்ரோசாஃப்ட் அமெரிக்கக் கம்பெனி, அந்த நாட்டுச் சட்டமும் அப்போது நயாராவைத் தொடவில்லை. ஆனாலும் சில நாட்களில் நயாரா ஊழியர்களின் மெயிலும் டீம்ஸும் நின்றுபோயின. பணம் கட்டி வாங்கிய சேவை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, விசாரணை சூடுபிடிப்பதற்குள் சேவை திரும்பி வந்துவிட்டது.

இதைச் சதி என்று பார்க்கிறவர்களுக்கு உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் தடைப் பட்டியல் சரிபார்க்கும் மென்பொருள் ஓடும். ஏதாவது ஒரு அரசு பட்டியலைப் புதுப்பித்தால், வாடிக்கையாளர் பெயர், உரிமையாளர், முகவரி எல்லாவற்றோடும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கணக்கில் ஒரு கொடி ஏறும், சட்டத் துறைக்கு ஒரு டிக்கெட் போகும். அந்த டிக்கெட்டைத் திறக்கிறவர் ராஜதந்திரி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகத் துடிக்கும் ஒரு நடுத்தர அதிகாரி. அவர் கணக்கு எளியது. தவறாக நிறுத்திவிட்டால் ஒரு வாடிக்கையாளர் கத்துவார், மன்னிப்பு மெயில் அனுப்பிக்கொள்ளலாம். தவறாக நிறுத்தாமல் விட்டால் அபராதம். இதே மைக்ரோசாஃப்ட், தடைப் பட்டியலில் இருந்த நாடுகளுக்கும் ஆட்களுக்கும் சேவை போய்விட்டது என்று 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறது. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்து, பிறகு கேள். சட்டம் கேட்பதைவிட ஒரு முழம் கூடுதலாகவே வளைந்து கொடுப்பார்கள். நம் வங்கி மேனேஜர் கே.ஒய்.சி. இல்லை என்று கணக்கை முடக்குவாரே, கிட்டத்தட்ட அதே மனநிலை.

ஆக, எல்லாம் கூத்து என்கிற நண்பர்கள் தவறவிடுவது இதை. மேலே உட்கார்ந்து கயிறு இழுக்கிறவன் ஒருவன் இருந்தால் அவனோடு பேரம் பேசலாம். இங்கே கயிறு தானாக இழுபடுகிறது. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

இதற்கு டெல்லியின் பதில் சுதேசி. நல்லதுதான், ஆனால் முந்தைய ஆட்டத்தையும் நினைவில் வையுங்கள். இதே பெங்களூரில் 2020ல் பிறந்தது கூ, ட்விட்டர் மாதிரி ஒரு ஆப். 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டப் பதிவுகளை வைத்து ட்விட்டரோடு அரசுக்குத் தகராறு வந்ததும் அமைச்சர்கள் வரிசையாகக் கூவுக்கு வந்தார்கள். நைஜீரியா அந்த ஜூனில் ட்விட்டரைத் தடை செய்ததும் அந்த நாட்டு அரசும் கூவில் கணக்குத் திறந்தது. யாரும் ட்விட்டர் கணக்கை மூடவில்லை என்பதுதான் விஷயம். தகராறு ஆறியதும் கூட்டம் கலைந்தது. 2024 ஜூலையில் கூவை இழுத்து மூடினார்கள். பேரம் பேச ஒரு துருப்புச்சீட்டு தேவைப்பட்டது, வேலை முடிந்ததும் சீட்டைக் கீழே போட்டார்கள்.

சென்னை மென்பொருள் கம்பெனியான ஸோஹோவின் விஷயம் கொஞ்சம் வேறு. 2025 செப்டம்பரில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், அக்டோபரில் அமித் ஷா என்று ஸோஹோவுக்கு மாறுவதாக அறிவித்ததும், அதன் அரட்டை என்ற ஆப்பை ஊரே தரவிறக்கியதும் திருவிழாக் கும்மாளம், அதை ஒதுக்கிவிடுங்கள். மத்திய அரசு ஊழியர் 12 லட்சம் பேரின் மெயில், டெண்டர் விட்டு, ஒப்பந்தம் போட்டு, ஸோஹோ தளத்துக்கு மாறியிருக்கிறது. அதை யாரும் ட்வீட் போட்டுக் கொண்டாட மாட்டார்கள், ஆனால் நயாராவுக்கு நடந்தது அரசு அலுவலகத்துக்கு நடக்காமல் இருக்க அதுதான் உதவும். சிப் வெளிநாட்டிலிருந்து வருகிறது, போனில் ஆண்ட்ராய்டுதான் ஓடுகிறது, அதெல்லாம் தெரியும். மெயிலாவது கையில் இருக்கட்டுமே.

"எல்லாம் கூத்து" என்ற பேச்சுக்குப் பிடிகொடுக்காத ஓர் உதாரணமும் சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்றத் தரவு முழுவதும் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று ஆறு மாதக் கெடு வைத்தது. அமெரிக்க கார்டு கம்பெனிகள் கெடுவைத் தள்ளக் கேட்டன, விதியைத் தளர்த்தக் கேட்டன, வாஷிங்டன் வரை போய்ப் புலம்பின. ரிசர்வ் வங்கி அசையவில்லை. 2021ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், பிறகு ஜூலையில் மாஸ்டர்கார்டு என்று வரிசையாகப் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை. மாஸ்டர்கார்டு மேலிருந்த தடை நீங்க 2022 ஜூன் ஆனது, அதுவும் விதிக்கு இணங்கிய பிறகு. எந்தக் கம்பெனிக்கும் தனி விலக்கு இல்லை, அதனால் அது கொள்கை. வேண்டும் என்று நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உடனே கையைத் தட்டிவிடாதீர்கள். அயல்நாட்டுக் கம்பெனியிடமிருந்து நம் தரவைக் காப்பாற்றுகிற அதே அரசு, 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17ஆவது பிரிவை வைத்து, தான் விரும்பும் அரசு அமைப்புக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டது. தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற ஆசையில் நம் மேல் உள்ள அக்கறை எத்தனை பங்கு என்பதை அந்தப் பிரிவைப் படித்துவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள்.

இனி உங்கள் ஆன்சைட். 2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்கான கட்டண அறிவிப்பு வந்தது. வருஷா வருஷம் ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்க வர்த்தக அமைச்சர் சொல்ல, விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் அலறிப்போனார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கிய கதை நடந்தது. மறுநாளே வெள்ளை மாளிகை, ஒரே ஒரு முறைதான், புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்றது. அக்டோபரில் இன்னும் தெளிவாக்கினார்கள்: அமெரிக்காவிலேயே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் அங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறினால் கட்டணம் கிடையாது. தேச நலன் என்று சொல்லிக் கேட்டால் தனி விலக்கும் உண்டு. பட்டியலைப் படித்தால் தெரிகிறதல்லவா, அடி முழுக்க இந்தியாவில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்ற புது ஆள் மேல்தான். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இதில் பெரிய நஷ்டமும் இல்லை. பெங்களூரின் பெல்லந்தூரிலும் மான்யதாவிலும் சொந்த அலுவலகத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போகிறார்கள். வேலை இங்கே வருகிறது, ஆள் அங்கே போவதில்லை. அமெரிக்கத் தொழிலாளியைக் காப்பாற்றப் போட்ட விதியின் பலன் இப்படி.

ஒரே கம்பெனிக்குள் ஆளை அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்ற உதவும் எல்-1 விசாவை அந்த அறிவிப்பு தொடவில்லை. உங்களை அனுப்புவதாக இருந்தால் கம்பெனி அதைத்தான் யோசிக்கும். அதற்கு, கடந்த மூன்று வருஷத்தில் ஒரு வருஷமாவது தொடர்ச்சியாக அதே கம்பெனியின் வெளிநாட்டு அலுவலகத்தில் நீங்கள் வேலை பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வருஷ அனுபவம் இருக்கிறது, ஆனால் அது இதே கம்பெனியிலா என்று பாருங்கள். நீங்கள் இருப்பது அமெரிக்கக் கம்பெனியின் சொந்த பெங்களூர் அலுவலகம் என்றால் வழி ஓரளவு சுலபம். டி.சி.எஸ்., விப்ரோ மாதிரி சேவைக் கம்பெனி என்றால், எல்-1 விசாவின் ஒரு வகையான எல்-1பியில் போய் வாடிக்கையாளர் இடத்தில் வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் உட்கார 2004ஆம் வருஷத்துச் சட்டப்படி தடை இருக்கிறது. எந்த விசா, எந்த அலுவலக முகவரி, யார் மேலதிகாரி என்ற மூன்றையும் எச்.ஆரிடம் மெயிலில் எழுதி வாங்குங்கள். மேனேஜர் காபி மெஷின் பக்கத்தில் சொன்னதை நம்பி மடிவாளா வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.